அத்தாயியின் இரண்டாவது நோட்டு

அத்தாயி யாரையும் லேசில் நம்ப மாட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொல்லிமலையில் நான் வேலை பார்க்கும் இந்த மூன்று வருடத்தில் அவர் சந்தேகப்பட்ட விஷயங்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. மிளகு வியாபாரி தராசோடு வந்தால், வீட்டுக்குள் போய்ப் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்துவந்து, "மொதல்ல இதைப் போடுங்க" என்பார். நர்ஸ் ஊசி போட வந்தால் மருந்து பாட்டிலில் உள்ள தேதியைத் தன் கண்ணால் பார்க்காமல் கையை நீட்ட மாட்டார். ஊரில் எது நடந்தாலும் முதலில் மூக்கில் வேர்ப்பது அவருக்குத்தான்.

வயது நாற்பத்து நான்கு. எட்டாவது வரை படித்தவர். மலைக்காரர்கள் எடப்புளி நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியில் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, மிளகுக்கொடி ஏறிய நாற்பது மரங்கள். மகள் கவிதாவை ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவரும் கணவர் ராசுவும்தான். இந்த அத்தாயியைப் பொய்க்காரி என்று நானே நினைத்த நாட்களும் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணகுமாரி. ஊர் திருவாரூர் பக்கம். ஓடைகளிலும் ஆறுகளிலும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கணிக்கும் ஒரு திட்டத்தில் உதவிப் பொறியாளர். எடப்புளியில் ஊருக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது. அதில் இரும்புக் கம்பம் நட்டு, சென்டிமீட்டர் கோடு போட்ட வெள்ளைப் பலகையைப் பொருத்தியிருக்கிறோம். ஊரில் அதற்குப் பெயர் மீட்டர் கட்டை. காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அதுதான் அத்தாயியின் வேலை.

எனக்கு முன்னால் இங்கே இருந்த பெஞ்சமின் சார் ஊர்க்கூட்டத்தில் ஆள் கேட்டபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். அணை கட்டப் போகிறார்கள், தண்ணீரைக் கீழே இறக்கப் போகிறார்கள், அதற்குத்தான் இந்த அளவு என்பது ஊரின் எண்ணம். அத்தாயியின் எண்ணமும் அதுதான். அதனால்தான் அவர் கையைத் தூக்கினார்.

"அளக்கறதுன்னு ஆயிப்போச்சு. வெளியாளு வந்து அளந்தா என்ன எழுதறான்னு நமக்குத் தெரியுமாங்க? நானே எழுதிக்கிறன்."

பெஞ்சமின் சார் அவருக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தார். கட்டம் காலியாக இருக்கக்கூடாது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேலே இருப்பவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள் என்றார். அத்தாயி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொல்லாமல் வைத்துக்கொண்ட விதி ஒன்றும் இருந்தது. ஆபீஸ் நோட்டு மாதக் கடைசியில் செம்மேட்டில் உள்ள எங்கள் ஆபீசுக்குப் போய்விடும். போன பிறகு யாராவது எண்ணை மாற்றினால் யாருக்குத் தெரியும்? அதனால் மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்டிருந்த கணக்கு நோட்டில் இன்னொரு பிரதி எழுதிவந்தார். அது சாமை மூட்டைக்குப் பின்னால் இருந்தது. எனக்கே கடைசியில்தான் காட்டினார்.

இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. போன வருடம் ஜூனில் ஸ்டீபன் வந்தார். நாகர்கோவில்காரர், கணினியில் ஆற்றுக் கணக்குப் போடுபவர். அதற்கு முன் ஐந்து வருடம் இமயமலைப் பக்கம் இருந்தார். அங்கே ஆற்றுக்குப் பெரிய கையிருப்பு மலையில் உறைந்து கிடக்கும் பனிதான். எவ்வளவு தூரத்துக்குப் பனி மூடியிருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துச் சொல்லும். அதை ஆற்றுக் கணக்கில் சேர்த்தால், வெயில் காலத்தில் ஆற்றில் வரப்போகும் தண்ணீரை முன்பைவிடச் சரியாகச் சொல்லலாம். கணக்கு விலகிப் போனால் பனிப் படத்தை வைத்து இழுத்துப் பிடிக்கலாம். நம் மலையில் அந்தப் பனி கிடையாது. அதற்குப் பதில் மழை மேகத்தையும் மண் ஈரத்தையும் மேலிருந்து பார்த்து, அதே முறையில் ஓடைக்குக் கணக்குப் போட முடியுமா என்று சோதிக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

இதை நான் அத்தாயிக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐஸ் மலையில ஐஸை எண்ணுனவரு, ஐஸே இல்லாத ஊருக்கு எதுக்குங்க வாராரு?"

"முறை ஒண்ணுதாங்க்கா. அங்க பனி, இங்க மழை."

"அந்த சேட்டிலைட்டு ராத்திரியிலயும் பாக்குமாங்க?"

"பாக்கும்."

"ஊட்டுக்குள்ள?"

"அதெல்லாம் தெரியாதுக்கா. மலை, காடு, ஈரம், அவ்வளவுதான்."

அவருக்குத் திருப்தியில்லை. அடுத்த முறை நான் போனபோது துணி காயப்போடும் கொடி வாசலிலிருந்து பலா மரத்தடிக்கு மாறியிருந்தது.

நவம்பர் நடுவில் ஸ்டீபன் என்னைக் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. நீலக்கோடு, மேலிருந்து பார்த்ததை வைத்து அவர் கணக்குப் போட்ட ஓடை மட்டம். சிவப்புக்கோடு, அத்தாயி எழுதிய மட்டம். இரண்டும் ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, அண்ணன் தம்பி மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று ஓரிடத்தில் சிவப்பு மட்டும் படுத்துவிட்டது. மூன்று நாள் அசையவே இல்லை. நான்காம் நாள் எழுந்து மறுபடி நீலத்தோடு சேர்ந்துகொண்டது.

"ஒரு தடவைன்னா விட்டுடலாம் மேடம். மாசா மாசம் மூணு நாள். அக்டோபர்ல பாருங்க, மலையே ஊறிப்போற மழை. என் கணக்கு ஒரு மீட்டருக்கு மேல ஏத்துது. இவங்க மூணு நாளும் அறுபத்தி ரெண்டு, அறுபத்தி ரெண்டு, அறுபத்தி ரெண்டுன்னு எழுதியிருக்காங்க. வீட்ல உக்காந்து எழுதறாங்க."

நான் அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டேன்.

"இமயமலையில ஒருத்தர் இப்படித்தான் என்னை ஏமாத்தினார். பனி ஆழம் அளக்கற ஆள். குளிர்காலம் பூரா கொட்டகையைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டு, எண்ணை மட்டும் அனுப்பிட்டிருந்தார். ரெண்டு வருஷ வேலை வீண். இந்தத் தடவை நான் ஏமாறத் தயாரா இல்லை. பொய்யான அளவு எழுதறாங்கன்னு லெட்டர் போட்டு ஆளை மாத்திடலாம்."

லெட்டர் என்றால் நகல் பஞ்சாயத்துக்குப் போகும், ஊர்க்கூட்டத்தில் படிப்பார்கள். அரசாங்கத்தை நோட்டம் பார்க்கிறேன் என்று சொல்லி வேலைக்குப் போனவர் அத்தாயி. அவரே பொய் எழுதினார் என்று படித்தால், பிறகு ஊரில் யாருடைய தராசையும் அவர் கேள்வி கேட்க முடியாது. உப்புப் பாக்கெட்டோடு வந்தால் சிரிப்பார்கள். அவருக்குச் சொத்து என்று இருந்ததே அந்தப் பெயர்தான்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். ஊரையே கேள்வி கேட்கிற ஆள் தன் தப்பை மறைக்கத்தான் அப்படிச் செய்வாரோ என்று ஒரு புத்திசாலித்தனமான எண்ணம்கூட வந்தது. சொல்லாமல் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த மூன்று நாள் எப்போது வரும் என்று தெரிய வேண்டும். மேசைக் காலண்டரில் பழைய தேதிகளை வட்டமிட்டு, நடுவில் எத்தனை நாள் என்று எண்ணினேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தாறு. மறுபடி இருபத்தெட்டு.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்டீபனுக்கு அந்த எண்கள் வெறும் எண்கள். எனக்கு அப்படி இல்லை. வானத்திலிருந்து பார்த்த கருவியும் நானும் ஸ்டீபனுமாகச் சேர்ந்து ஒரு பெண்ணின் மாதவிலக்கு நாட்களைத் திரையில் கோடு போட்டு வைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது. வட்டங்களை அழிக்கப் பார்த்தேன், பேனா மை அழியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் எடப்புளிக்குப் போனேன்.

ஓடைக்கு இறங்கும் பாதையில் பெரியண்ணன் கோயில் இருக்கிறது. பாதையின் குறுக்கே இரண்டு கல் நட்டிருப்பார்கள். அதற்கு அப்பால் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த நாட்களில் பெண்கள் கல்லைத் தாண்டக்கூடாது. மீட்டர் கட்டை கல்லுக்கு அப்பால் இருக்கிறது. கட்டை நட இடம் பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை, ஊரிலும் யாரும் சொல்லவில்லை.

மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அத்தாயியிடம் நேராகவே கேட்டேன். "அக்கா, ஊட்டுக்குத் தூரமான நாள்ல நோட்டு யாரு எழுதறது?"

அவர் முகம் மாறியது. "உங்களுக்கு யாருங்க சொன்னது? கண்ணாயியா?"

கண்ணாயி பக்கத்து வீட்டுக்காரர். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி, ஸ்டீபன் காட்டியதைச் சொன்னேன், லெட்டர் விஷயத்தையும் சொன்னேன். அத்தாயி களைக்கொட்டை மண்ணில் குத்தி நிறுத்தினார்.

"எங்கூட்டுக்காரரு போறாருங்க. அவரு பாத்துட்டு வந்து எழுதுவாரு, நான் கையெழுத்துப் போடுவன். கட்டம் காலியா இருக்கக்கூடாதுன்னு உங்க பெஞ்சமின் சார்தானுங்க சொன்னாரு."

"அவர் சரியாப் பாப்பாரா?"

"முப்பதடி மூங்கி ஏணியில ஏறி மொளகு பறிக்கற மனுசன். அவரு கண்ணு தப்பாதுங்க. உங்க மிசினுதான் மாசத்துல மூணு நாளு கண்ணை மூடிக்குது. இல்லீன்னா அந்த நாளாப் பாத்து யாரோ கட்டையை ஆட்டி வெக்கிறாங்க."

சந்தேகப் பட்டியல் அங்கேயே வளர்ந்தது. முதலில் கண்ணாயி, பிறகு மேல்காட்டில் வெள்ளாமை பண்ணும் அர்த்தனாரி, பிறகு செயற்கைக்கோள், கடைசியாக நான். ராசுவின் பெயர் மட்டும் அதில் வரவில்லை. எனக்கும் அவரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அவர் அதிகம் பேசாத, யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை அத்தாயி பிறகு என்னிடம் சொன்னார். அவருக்கு நாள் வந்தது. ராசு காலையில் நோட்டோடு கிளம்பினார். கட்டையை ஆட்டுகிறவர் யார் என்று பிடித்துவிடலாம் என்று அத்தாயி சற்றுப் பின்னால் போய், எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் காப்பிச் செடிகளுக்குள் நின்றுகொண்டார். முந்தின நாள் முழுக்க மழை. ஓடையின் சத்தம் அங்கேயே கேட்டது.

ராசு கல் வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றினார். கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கல்லைத் தாண்டாமல் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த பாறைமேல் ஏறினார். அங்கிருந்து ஓடை கீழே தெரியும். மீட்டர் கட்டையின் தலையும் தெரியும், அதில் அடித்த சிவப்புப் பெயிண்ட் மட்டும். எண்கள் தெரியாது. சிவப்பு முழுகவில்லை என்று பார்த்துக்கொண்டார். பாறைமேல் குந்தி உட்கார்ந்து நேற்றைய எண்ணையே எழுதினார்.

"அங்கயே போயி சட்டையைப் புடிச்சிருக்கணுமுங்க" என்றார் அத்தாயி. "காலு வரல. ஊட்டுக்கு வந்து அடுப்புல தண்ணி வெச்சன். அவரு வந்து, எம்பத்தி நாலுன்னாரு. சரின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தன்."

மற்ற யாராக இருந்தாலும் அத்தாயி அந்த இடத்திலேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பார். கணவரிடம் ஐந்து நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது. கேட்டால் உண்மை என்றாகிவிடும் என்று பயந்திருக்கலாம்.

மாதக் கடைசியில் செம்மேட்டில் கூட்டம். நாமக்கல்லிலிருந்து எங்கள் மேலதிகாரி வனிதா மேடம் வந்திருந்தார். ஸ்டீபனின் லெட்டர் தட்டச்சு ஆகி, கையெழுத்துக்கு மேசைமேல் இருந்தது. அதற்கு முன் அத்தாயியை ஒரு முறை நேரில் விசாரிக்க வேண்டும் என்று நான்தான் கெஞ்சிக் கேட்டிருந்தேன். அத்தாயி மஞ்சப்பையோடு வந்தார். துணைக்கு வந்த ராசு, கோயிலுக்கு வந்தவர் போலச் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவருகில் நின்றார். எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஸ்டீபன் திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அத்தாயி கேட்டு முடித்துவிட்டு, பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து வனிதா மேடத்தின் முன்னால் வைத்தார்.

"இது என்னோட நோட்டுங்க. நீங்க அதுல எண்ணை மாத்திடுவீங்கன்னு தனியா எழுதி வெச்சது. நான் என் கண்ணால பாத்தது மட்டும்தான் இதுல இருக்கும்."

வனிதா மேடம் புரட்டினார். ஸ்டீபன் எழுந்துவந்து பக்கத்தில் நின்று பார்த்தார். நாள் தவறாமல் எண்கள் இருந்தன. மாதத்துக்கு மூன்று நாள் மட்டும் கட்டம் காலியாக இருந்தது. திரையில் சிவப்புக்கோடு படுத்துக் கிடந்த அதே நாட்கள்.

"இந்த மூணு நாள் ஏன் காலி?" என்றார் ஸ்டீபன்.

"ஊட்டுக்குத் தூரமுங்க. கோயிலைத் தாண்டி நான் போவ முடியாது."

ஸ்டீபனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் காதுவரை சிவந்துபோய்த் திரையை அணைத்துவிட்டார். ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் மிச்சமிருந்தது, அதைக் கேட்டார்.

"அப்ப ஆபீஸ் நோட்டுல அந்த நாளுக்கு எண் எழுதினது யாரு?"

அத்தாயி கணக்கு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானே எழுதினேன் என்றால் அவர் பெயர் போகும். உண்மையைச் சொன்னால் மூன்று அதிகாரிகள் முன்னால் புருஷன் பெயர் போகும். அவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டின் அட்டையை விரலால் நீவிக்கொண்டே நின்றார். வனிதா மேடம் லெட்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான்தானுங்க" என்றார் ராசு.

எல்லாரும் திரும்பினோம். அவர் கதவை விட்டு உள்ளே வரவில்லை.

"பாறை மேல நின்னு பாத்து எழுதினனுங்க. கிட்டப் போவல. ஊட்டுல அப்படி இருக்கறப்ப, அந்தச் சோத்தைத் தின்னுட்டு நானும் கல்லைத் தாண்டக்கூடாதுங்க. எங்கப்பன் அப்படித்தான் இருந்தாரு. இவகிட்டச் சொன்னா, கட்டம் காலியா இருக்கும், இவ வேலை போயிரும்னு சொல்லலீங்க. பொய் எழுதினது நானு. இவளுக்குத் தெரியாதுங்க."

"தெரியும்" என்றார் அத்தாயி, திரும்பாமலே. "அஞ்சு நாளாத் தெரியும். அன்னைக்கும் கையெழுத்துப் போட்டது நானு. அதையும் எழுதிக்குங்க."

ராசுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டீபன் கணினியை மறுபடி திறந்தார். அத்தாயியின் நோட்டைப் பார்த்துப் பார்த்து அந்த நாட்களைச் சிவப்புக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் போயின. செப்டம்பரில் ஓரிடத்தில் மட்டும் விலகல் இருந்தது. அந்த வாரம் பெய்த சாரலை மேலிருந்து பார்த்த கருவி தவறவிட்டிருந்தது. அத்தாயியின் எண்தான் சரி.

"என் கணக்கைத்தான் திருத்தணும்" என்றார் ஸ்டீபன். பிறகு ராசுவைப் பார்த்து, "நானும் மேல இருந்து பாத்துத்தான் எழுதறேன் அண்ணே. கீழ இறங்கி வந்து கேட்டிருக்கணும்" என்றார். வனிதா மேடம் லெட்டரை இரண்டாகக் கிழித்தார். இனிமேல் கட்டம் காலியாக இருக்கலாம் என்றும், பார்த்தவர் பெயருக்கு நோட்டில் தனியாக ஓர் இடம் விட வேண்டும் என்றும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் வரும்வரை அவர்களோடு நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது.

"ஊர்ல ஒருத்தரையும் நான் நம்புனதில்ல" என்றார் அத்தாயி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உங்க ஒருத்தரைத்தான் சந்தேகமே படாம இருந்தன்."

ராசு தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் புள்ள" என்றார். பஸ் வந்ததும் அத்தாயி முன் வாசலில் ஏறினார், அவர் பின் வாசலில் ஏறினார்.

டிசம்பர் நோட்டை வாங்கப் பொங்கல் முடிந்துதான் போக முடிந்தது. அந்த மூன்று நாளிலும் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பெயருக்கு விட்ட இடத்தில் கோணல் எழுத்தில், மூன்று முறையும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: "ராசு. போகல."

காலி நாட்களுக்கு ஸ்டீபனின் கணக்கு சொன்ன எண்களை அத்தாயியிடம் காட்டினேன். அவர் உடனே நம்பிவிடவில்லை. தண்ணீர் ஏறிய இடம் கரைப்பாறையில் மண்கோடாக நிற்குமாம். நான்காம் நாள் முதல் வேலையாக அதைக் கட்டையோடு ஒத்துப்பார்த்து ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தார். அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். நாலு விரல் வித்தியாசம். "பரவால்லீங்க, பழகிக்கும்" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவர் நிஜமாவே போகலையான்னு பின்னால போய்ப் பாத்தீங்களா அக்கா?"

அத்தாயி என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அதை எதுக்குங்க பாக்கோணும்? அவரே எழுதியிருக்காருல்ல."

வெளியே மிளகு வியாபாரியின் வேன் வந்து நின்றது. அத்தாயி உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.